பெயிண்டுக்கு அடியில் இருக்கும் ஏழு இலக்கம்

சிங்கப்பூரில் பழைய டேங்கர்களை வாங்கி விற்கும் கப்பல் தரகர்களுக்கும், டீசல் சரக்கை மொத்தமாகக் கைமாற்றும் எண்ணெய் வணிகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வட கொரியாவுடன் எந்த வணிகமும் கூடாது என்று சிங்கப்பூர் 2017 நவம்பர் 8 முதல் தடை போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். மீறினால் தனிநபருக்கு 5 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. நிறுவனத்துக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதம். உங்களில் பெரும்பாலோர் சட்டத்துக்குப் பயந்தும், தப்பான காரியத்துக்குத் துணைபோகக் கூடாது என்ற எண்ணத்திலும் நேர்மையாகத்தான் நடக்கிறீர்கள். எங்கள் கவலை நேர்மையைப் பற்றியது அல்ல. நீங்கள் செய்யும் சோதனை தப்பான இடத்தில் நடக்கிறது என்பதைப் பற்றியது.

அந்தச் சோதனை இப்படித்தான் நடக்கிறது. வாங்குபவரின் பெயர், இயக்குநர்களின் பெயர், கப்பலின் பெயர் மூன்றையும் மென்பொருளில் தட்டுகிறீர்கள். தடைப் பட்டியலோடு பொருத்தம் இல்லை என்று வருகிறது. அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறீர்கள். பட்டியல் உயிரோடு இருந்த காலத்தில் இதற்கு ஓரளவு மதிப்பு இருந்தது. வட கொரியா மீதான தடைகளைக் கவனிக்கும் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1718 குழு தடை செய்த கப்பல்களின் பட்டியலில் பல கப்பல்கள் 2018-ல் சேர்க்கப்பட்டவை. யார் ஏமாற்றுகிறார்கள் என்று ஆண்டுதோறும் துருவி எழுதிவந்த 8 பேர் கொண்ட நிபுணர் குழுவின் காலத்தை நீட்டிப்பதற்கு 2024 மார்ச் 28 அன்று ரஷ்யா வீட்டோ போட்டது. ஆதரவாக 13 வாக்கு, சீனா வாக்களிக்கவில்லை. ஏப்ரல் 30-ஆம் தேதியோடு அந்தக் குழு முடிந்துபோனது. அதே ஆண்டு அக்டோபரில் 11 நாடுகள் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்திருக்கின்றன. ஆனால் ஐ.நா. பட்டியலில் ஒரு கப்பலைச் சேர்க்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நின்றுபோன பட்டியலில் புதுப் பெயர் இருக்காது. ஏமாற்றுகிறவரோ ஒவ்வொரு முறையும் புதுப் பெயரோடுதான் வருவார். எனவே பெயரை விட்டுவிட்டுக் கப்பலைப் பாருங்கள் என்பதுதான் இந்த மடலில் நாங்கள் கேட்பது.

டீசலுக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. 2017 செப்டம்பர் 3-ல் வட கொரியா ஆறாவது அணு ஆயுதச் சோதனையை நடத்தியது. எட்டாம் நாளே ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2375-ஆம் தீர்மானம் வந்தது. வட கொரியக் கப்பலோடு கடலில் சரக்கு மாற்றுவதை அதன் 11-ஆம் பத்தி தடை செய்தது. நவம்பர் 29-ல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்தார்கள். டிசம்பர் 22-ல் வந்த 2397-ஆம் தீர்மானம் சுத்திகரித்த எண்ணெய்க்கு ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய், கச்சா எண்ணெய்க்கு 40 லட்சம் பீப்பாய் என்று உச்சவரம்பு வைத்தது. முழுத் தடை வைக்கவில்லை. அங்கே வாழும் மக்களுக்கு விளக்கெரியவும் வண்டி ஓடவும் எண்ணெய் வேண்டும் என்பதற்காகவே அந்த 5 லட்சம் விடப்பட்டது. விற்கும் நாடு 30 நாளுக்கு ஒருமுறை குழுவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அளவு 75, 90, 95 சதவீதத்தைத் தொடும்போது எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை போகும். கணக்குக்கு வெளியே போகும் எண்ணெயைப் பற்றி யாரும் கேட்க முடியாது. அது மருத்துவமனை ஜெனரேட்டருக்குப் போகிறதா, ஏவுகணை சுமக்கும் வண்டிக்குப் போகிறதா என்பதை அந்த அரசு ஒன்றே தீர்மானிக்கும்.

அந்த வெளிக்கணக்கு எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரே ஒரு கப்பலின் கதை போதும். யுக் துங் என்ற டேங்கர், டொமினிக்கா கொடியோடு, 2018 ஜனவரியில் ஷாங்காய்க்குக் கிழக்கே நடுக்கடலில் ஒரு வட கொரியக் கப்பலோடு ஒட்டி நின்றதை ஜப்பானிய விமானம் படம்பிடித்தது. தடைகளும் வந்தன. அதே கப்பல் அக்டோபர் 28-ல் ருங் ரா டோ என்ற வட கொரிய டேங்கருக்கு மறுபடி எண்ணெய் கொடுத்தது. அப்போது அது தன்னை மைகா என்று அழைத்துக்கொண்டது, பனாமா கொடி என்றது. தன் அடையாள எண்ணாக அது அனுப்பியதோ ஹிகா என்ற மூன்றாவது கப்பலின் எண். உண்மையான ஹிகா அந்த நேரத்தில் 7,000 மைலுக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் நங்கூரமிட்டு நின்றது. கைமாறியது 57,600 பீப்பாய்க்கு மேல். மதிப்பு 57 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். ஓர் ஆண்டுக்கான மொத்த வரம்பில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் அதிகமான எண்ணெய் ஒரே நடையில் போய்விட்டது. இதற்குப் பணம் கடத்திய வங்கியும் காப்பீடு கொடுத்த நிறுவனமும் விஷயம் தெரியாமலே செய்தன என்று நிபுணர் குழு எழுதியது. அவர்களும் பெயரைத்தான் சோதித்திருப்பார்கள்.

இனி, கப்பலைப் பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறோம்.

ஐஎம்ஓ எண் (சர்வதேச கடல்சார் அமைப்பின் பெயரில் ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள அடையாள எண்) ஏழு இலக்கம். கப்பல் கட்டப்படும்போது கிடைப்பது; உடைக்கப்படும் வரை மாறாது. பெயர், கொடி, உரிமையாளர் எது மாறினாலும் எண் அதேதான். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக வர வேண்டும். வட கொரியாவின் நாம்போ துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிவந்து 2018 ஏப்ரலில் இந்தோனேசியாவில் பிடிபட்ட வைஸ் ஹானஸ்ட் கப்பலின் எண் 8905490. 56, 54, 0, 20, 12, 18 கூட்டினால் 160. கடைசி இலக்கம் 0. சரியாக இருக்கிறது. ஆவணத்தில் வரும் எண்ணை இப்படிக் கையால் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. இட்டுக்கட்டிய எண்களில் பல இங்கேயே சிக்கும். ஆனால் திருடிய எண் இந்தக் கணக்கில் தேறிவிடும். ஹிகாவின் எண் உண்மையான எண்தான், வேறொரு கப்பலுடையது என்பதுதான் சிக்கல்.

திருட்டைப் பிடிக்க இரும்பிடம் போக வேண்டும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கைப்படி இந்த எண் கப்பலின் உடலிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும். வெளியே பின்புறத்திலோ பக்கவாட்டிலோ 200 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில்; உள்ளே, டேங்கராக இருந்தால் பம்ப் அறையிலோ எஞ்சின் அறைத் தடுப்புச் சுவரிலோ 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல். வெறும் பெயிண்டில் எழுதக் கூடாது. தகட்டின் மேல் புடைத்து நிற்க வேண்டும், அல்லது வெட்டி எடுத்திருக்க வேண்டும், அல்லது பஞ்ச் போட்டுக் குத்தியிருக்க வேண்டும். பெயரை மாற்ற ஒரு டப்பா பெயிண்டும் ஓர் இரவும் போதும். புடைத்த எண்ணை மாற்ற கிரைண்டர் வேண்டும். கிரைண்டர் ஓடிய தகடு சொல்லிக்கொடுத்துவிடும்: அந்த இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும், சுற்றிலும் இருபது ஆண்டுப் பெயிண்ட் அடுக்கடுக்காகத் தடித்திருக்கும், வெல்டிங் கோடு புதிதாகத் தெரியும்.

வெளியில் இருப்பதை மாற்றுகிறவர்களில் பலர் உள்ளே இருப்பதை மறந்துவிடுவார்கள், அல்லது அதற்குச் சோம்பல்படுவார்கள். ஆகவே விற்பனைக்கு முன் மூன்று படம் கேளுங்கள். வெளி எண், சாய்வான வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் பிடித்தபடி. உள் எண், அதேபோல. பிறகு முக்கிய எஞ்சினின் தகட்டில் உள்ள தயாரிப்பு எண். எஞ்சின் எண்ணைக் கப்பல் கட்டப்பட்டபோது வகைப்பாட்டுச் சங்கம் (கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு) பதிந்த எண்ணோடு ஒப்பிடலாம். எஞ்சினை மாற்றியிருந்தால் மாற்றியதற்கான ஆவணம் இருக்கும். ஆவணமும் இல்லை, எண்ணும் ஒத்துவரவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். படம் எடுக்கத் தரகர் நேரில் போக வேண்டியதில்லை, துறைமுகத்தில் ஒரு சர்வேயர் போதும். ஆனால் அந்தச் சர்வேயரை விற்பவர் அமர்த்தக் கூடாது.

அடுத்தது சிஎஸ்ஆர் எனப்படும் தொடர் வரலாற்றுப் பதிவேடு. கப்பலின் குடும்ப அட்டை போன்றது. கொடி, பெயர், உரிமையாளர், இயக்கும் நிறுவனம், வகைப்பாட்டுச் சங்கம் என எது மாறினாலும் கொடி நாடு, அதாவது கப்பல் பதிவாகியுள்ள நாடு, ஒரு புதிய தாள் கொடுக்கும். தாள்கள் 1-லிருந்து வரிசையாக எண்ணிடப்பட்டிருக்கும். கப்பல் கைமாறினாலும் பழைய தாள்கள் கப்பலிலேயே இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தவரை விற்பனைப் பேச்சில் பெரும்பாலும் கடைசித் தாளின் நகல் மட்டுமே கேட்கப்படுகிறது. முழுக்கட்டும் கேளுங்கள். 6-க்குப் பிறகு 8 வந்தால் 7-ல் என்ன இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கொடி நாடு அந்தக் கப்பலைத் தன் பதிவிலிருந்து விரட்டிய கதை அங்கேதான் இருக்கும். 2397-ஆம் தீர்மானத்தின்படி, தடையை மீறியதற்காக ஒரு நாடு பதிவு நீக்கிய கப்பலை இன்னொரு நாடு குழுவின் ஒப்புதல் இல்லாமல் பதியக் கூடாது. விடுபட்ட தாள் இந்த விதியைத் தாண்டிக் குதிக்கும் வழி.

கொடியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2017-ல் ஃபிஜி தன் கொடியை ஏமாற்றிப் பயன்படுத்திய 91 கப்பல்களைக் கண்டுபிடித்தது. அவற்றில் 20 வட கொரியாவோடு தொடர்புடையவை. பதிவுச் சான்றிதழை அந்த நாட்டின் கடல்சார் துறைக்கே அனுப்பி உறுதி கேளுங்கள். சான்றிதழின் அடியில் அச்சிட்டிருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினால், சான்றிதழைத் தயாரித்தவரே பதில் போடுவார்.

பழைய சிறிய டேங்கர் விற்பனையில் விலையும் பேசும். 25 வயதைத் தாண்டி, முக்கிய வகைப்பாட்டுச் சங்கங்கள் கைவிட்ட 2,000 முதல் 6,000 டன் டேங்கருக்கு ஒருவர் இரும்பு விலைக்கு மேல் நல்ல பணம் தருகிறார்; பார்வையிடக்கூட வரவில்லை; அவருடைய நிறுவனம் மூன்று மாதத்துக்கு முன் தொடங்கப்பட்டது; அதன் முகவரியில் வேறு இருநூறு நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தக் கப்பல் எங்கே ஓடப்போகிறது என்று கேட்டே ஆக வேண்டும். புதியதோ பழையதோ, வட கொரியாவுக்குக் கப்பல் விற்பதே 2397-ன்படி தடை. நேரடியாக என்றில்லை, மறைமுகமாகவும்.

கரேஜியஸ் என்ற 2,734 டன் டேங்கரை நினைவுபடுத்துகிறோம், அது உங்கள் ஊர்க் கதை. அதன் உரிமையும் இயக்கமும் ஒரு சிங்கப்பூர்க்காரரிடம் இருந்ததாக அமெரிக்க வழக்கு சொல்கிறது. 2019 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அது தன் இருப்பிடத்தை வானொலியில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியை நிறுத்திவைத்திருந்தது. அந்த இடைவெளியில் சேபியோல் என்ற வட கொரியக் கப்பலுக்கு 15 லட்சம் டாலருக்கு மேலான எண்ணெயை மாற்றியதையும், நாம்போ துறைமுகம் வரை போனதையும் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 2020 மார்ச்சில் கம்போடியா பிடித்துவைத்தது. 2021 ஜூலையில் நியூயார்க் நீதிமன்றம் பறிமுதலுக்குத் தீர்ப்பளித்தது.

இந்தக் கதை நம்மை ஏஐஎஸ்-க்குக் கொண்டுவருகிறது. ஓடும் கப்பல் 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறையும், நங்கூரமிட்டது 3 நிமிடத்துக்கு ஒருமுறையும் தன் இடத்தைச் சொல்லும். பெயர், எண், அமிழ்வு ஆழம் 6 நிமிடத்துக்கு ஒருமுறை போகும். இதில் இடம் மட்டும்தான் கருவி தானாக எடுப்பது. அமிழ்வு, போகும் துறைமுகம் இரண்டும் கப்பலில் உள்ளவர் விரலால் தட்டுவது. அதனால் ஏஐஎஸ் இடைவெளியைப் பார்த்தவுடன் கப்பலைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நெரிசலான கடலில் செயற்கைக்கோள் பல சமிக்ஞைகளைத் தவறவிடும், கருவி பழுதாகும், கொள்ளையர் பயத்தில் கேப்டன் அணைப்பதற்குச் சட்டமே இடம் தருகிறது. நீங்கள் கேட்க வேண்டியது, இடைவெளிக்கு முன்னும் பின்னும் கப்பலின் எடை என்ன என்பதுதான்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சென்டிமீட்டர் அமிழ எத்தனை டன் வேண்டும் என்ற அட்டவணை உண்டு. 5,000 டன் டேங்கருக்கு அது 15 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் 3,000 டன் இறக்கினால் கப்பல் 2 மீட்டர் எழும்பும். பக்கவாட்டுச் சிவப்புப் பட்டை வெளியே தெரியும், அதைக் கப்பல் நிறுத்தும் பைலட் பார்ப்பார், துறைமுகக் கேமரா பார்க்கும். இதை மறைக்கக் கடல் நீரை ஏற்றுவார்கள். ஏற்றினால் பாலாஸ்ட் பதிவேட்டில் நேரமும் இடமும் எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் எப்படி அமிழ்ந்தது என்று கேளுங்கள். எண்ணெய் மாற்ற நேரமும் பிடிக்கும். 57,600 பீப்பாய் என்பது ஏறக்குறைய 9,150 கன மீட்டர். மணிக்கு 500 கன மீட்டர் பம்ப் செய்தால் 18 மணி நேரம். இரு கப்பல்களும் மோதாமல் இடையில் போட ஃபெண்டர்கள் என்ற மெத்தைகள் வேண்டும், குழாய் வேண்டும், அலை அடங்கியிருக்க வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியில் இதைச் செய்ய முடியாது, ஆறு நாள் இடைவெளியில் தாராளமாக முடியும். ஆறு நாள் சும்மா மிதந்தோம் என்று கேப்டன் சொன்னால் எரிபொருள் கணக்கைக் கேளுங்கள். மிதக்கும் கப்பலும் ஓடும் கப்பலும் ஒரே அளவு எரிப்பதில்லை. எஞ்சின் அறைப் பதிவேட்டில் பொய் எழுதினாலும், பங்கர் என்ற கப்பல் எரிபொருள் வாங்கிய ரசீதுகளின் கூட்டுத்தொகை அதைக் காட்டிக்கொடுக்கும். 2017 முதல் சிங்கப்பூரில் எரிபொருளை எடையாக அளக்கும் மாஸ் ஃபுளோ மீட்டர் கட்டாயம் என்பதால் இங்கே போட்ட எண்ணெயின் கணக்கு துல்லியமாகவே உங்களிடம் இருக்கிறது.

எண்ணெய் வணிகர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் பொறுப்பு, சரக்கு உங்கள் வாடிக்கையாளரின் கப்பலில் ஏறியதும் முடிந்துவிட்டது என்று ஒப்பந்தம் சொல்லலாம். வட கொரியாவுக்குப் போகும் எண்ணெய் அந்த வரியில்தான் காணாமல் போகிறது. பெரிய டேங்கரில் சட்டப்படி ஏற்றிய சரக்கு, தைவானுக்கு அருகில் சிறிய டேங்கருக்கு மாறும். அது வடக்கே இன்னொன்றுக்கு மாற்றும், அல்லது தானே நாம்போவுக்குப் போகும். முதல் விற்பவருக்கு இரண்டாம் கப்பலின் பெயர் வரைதான் தெரியும். ஆகவே சரக்கு கடைசியாக எங்கே இறங்கியது என்ற கணக்கை, வாடிக்கையாளருக்கு நீங்கள் தரும் கடனுக்கு நிபந்தனை ஆக்குங்கள். எந்த முனையத்தில், எந்தத் தொட்டியில், எத்தனை டன் இறங்கியது என்று முனையமே தரும் சான்று 30 நாளில் வராவிட்டால் அந்த வாடிக்கையாளருக்கு அடுத்த சரக்கு இல்லை. "மீனவப் படகுகளுக்கு விற்றுவிட்டோம்" என்ற பதிலுக்கு, எந்தப் படகுகள், எவ்வளவு, எந்த நாள் என்று பட்டியல் கேளுங்கள். 7,000 டன் டீசலை வாங்கப் படகுகள் கூட்டமாக வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள்.

பணம் அனுப்பும் படிவத்தில் கப்பலின் பெயரையும் ஐஎம்ஓ எண்ணையும் எழுதுங்கள். சர்க்கரை மூட்டைகளுக்கு அடியில் மிக் விமானங்களை மறைத்துக்கொண்டு 2013-ல் பனாமாவில் பிடிபட்ட சோங் சோன் காங் என்ற வட கொரியக் கப்பலுக்குக் கால்வாய்க் கட்டணமாக 72,016.76 டாலர் அனுப்பியது ஒரு சிங்கப்பூர் நிறுவனம். வங்கிகள் கேள்வி கேட்கின்றன என்பதால் 2010-லிருந்தே அந்த நிறுவனம் படிவத்தில் கப்பலின் பெயரை எழுதுவதை நிறுத்தியிருந்தது. 2016-ல் மொத்தம் 1,80,000 வெள்ளி அபராதம். மேல்முறையீட்டில் 2017-ல் தடை மீறல் குற்றம் நீக்கப்பட்டது, அந்தக் கட்டணம் அணு ஆயுதத் திட்டத்துக்கு உதவக்கூடியது என்று நிறுவப்படவில்லை என்பதால். உரிமமின்றிப் பணம் அனுப்பும் தொழில் செய்த குற்றம் மட்டும் நின்றது. இந்தத் தீர்ப்பைக் காட்டி, அணு ஆயுதத்தோடு நேரடித் தொடர்பை யாராலும் காட்ட முடியாது என்று ஆறுதல் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கக்கூடும். அந்தக் கட்டணம் கட்டப்பட்டது 2013-ல். 2017 நவம்பருக்குப் பிறகு வணிகம் முழுவதுமே தடை. அந்தத் தீர்ப்பின் நிழலில் இன்று யாரும் ஒதுங்க முடியாது.

நீங்கள் சொல்லக்கூடிய ஒரு மறுப்பு நியாயமானது. 2024 மார்ச் முதல் ரஷ்யாவின் வஸ்தோச்னி துறைமுகத்திலிருந்து வட கொரிய டேங்கர்களே நேராக எண்ணெய் ஏற்றிப் போகின்றன. ஒரு வல்லரசு வெளிப்படையாக மீறும்போது எங்களை ஏன் தாள் எண்ணச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். அந்த எண்ணெயை உங்களால் நிறுத்த முடியாது, உண்மை. ஆனால் அதை ஏற்றிப் போகும் டேங்கர்கள் யாரோ ஒரு தரகர் விற்ற பழைய கப்பல்களாகவே இருக்கும். அந்த அரசால் அவசரத்துக்குப் புதிதாகக் கட்டிவிட முடியாது. கப்பல் சந்தையில் ஒரு வாசலை மூடினால் அந்த வழியும் குறுகும். இது எங்கள் கணிப்பு. இதில் உறுதியாக இருக்கிறோம்.

கடைசியாக, நீங்கள் மறுத்த பேரங்களைப் பற்றி. இன்று ஒரு தரகர் சந்தேகப்பட்டு வேண்டாம் என்கிறார். வாங்க வந்தவர் அதே தெருவில் அடுத்த அலுவலகத்துக்குப் போகிறார். இரண்டாமவருக்கு முதலாமவர் மறுத்தது தெரியாது. உங்கள் சங்கங்கள் ஒரு பதிவேடு வைக்கட்டும்: கப்பலின் ஐஎம்ஓ எண், பேரம் வந்த நாள், எது ஒத்துவரவில்லை என்ற ஒரு வரி. வாடிக்கையாளர் பெயர் தேவையில்லை, வணிக ரகசியமும் வெளியே போகாது. லைபீரியா, மார்ஷல் தீவுகள், பனாமா உள்ளிட்ட கொடிப் பதிவகங்கள் தாங்கள் விரட்டிய கப்பல்களைப் பற்றித் தங்களுக்குள் ஏற்கெனவே இப்படிச் சொல்லிக்கொள்கின்றன. அதே நாளில் காவல்துறையின் சந்தேகப் பரிவர்த்தனை அலுவலகத்துக்கும் அறிக்கை போகட்டும். பேரம் நடக்கவில்லை என்பதால் அறிக்கை தேவையில்லை என்று நினைக்க வேண்டாம்.

நடக்கும் பேரங்களில், கப்பலை ஒப்படைக்கும் பத்திரத்தோடு மேலே சொன்ன மூன்று படங்களையும் இணைத்து, தேதி போட்டு, இரு தரப்பும் அவற்றின் மேலேயே கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
கப்பல் ஆவணங்களையும் சரக்குக் கணக்கையும் சரிபார்க்கும் தொழிலில் உள்ளவர்கள்